ஆடாத பல்

"கைய மாத்தி வச்சிருக்கீங்க."

கோழிகளுக்குத் தானியம் இறைத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே இதைச் சொன்னாள். மேனேஜர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். இடது கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்த கைக்குட்டையை எடுத்து ஒரு கணம் பார்த்தார். நேற்று சாயங்காலம் முழுவதும் வலித்தது வலது பக்கம். தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விசாரித்தபோதும் வலது பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டியிருந்தார். கைக்குட்டையை உரிய கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, வலி என்ன ஒரே இடத்திலா நிற்கும், பரவத்தானே செய்யும் என்றார்.

"பரவட்டும், பரவட்டும். பல்லுக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டைன்னுதான் எனக்கு இன்னும் விளங்கல."

டாக்டர் முன்னால் கசங்கிய சட்டையோடு போய் நிற்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வலிக்கிற வாயால் அதிகம் பேசக் கூடாது என்பதை இந்த ஒரு வருடத்தில் அவர் கற்றிருந்தார்.

நகரத்தில் ரயில் நிலையத்துக்கு எதிரே நாலு மாடி லாட்ஜ் ஒன்றில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். அங்கே அவருக்குப் பெயரே மேனேஜர்தான். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. அங்கே அழைத்தபோது அதில் ஒரு கும்பிடு இருந்தது, இங்கே அழைக்கும்போது ஒரு சிரிப்பு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் காலத்தில் அந்த லாட்ஜின் படியைப் போலீஸ் மிதித்ததில்லை. அறைச் சாவிகள் எல்லாம் மரத்துண்டு கோத்து ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கும். ஒரு பார்வையில் எந்த அறையில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை, எவன் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற அன்று முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தப் பழைய பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது ஊர் வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீட்டில் இருப்பது மூன்று கதவு. மூன்று சாவி தொங்குகிறது. மீதிக் கொக்கிகளில் மனைவி வெங்காயச் சரத்தை மாட்டியிருக்கிறாள்.

அவர் ஊருக்குத் திரும்பியதே ஒரு பசுவால்தான். அப்பா போன பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்து எல்லைக் கல் நட்ட நாளில் உறவுக்காரர்கள் எல்லாரும் களத்தில் நின்றிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்ன உத்தேசம் என்று யாரோ கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள், தம்பி மனைவி தொழுவத்தில் நின்று பசுவிடம் பேசினாள். கணவனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பசுவிடம் சொல்வாள். பசு தலையை ஆட்டும், விஷயம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "நகரத்துக் காலு சேறு தாங்குமாடி? ஒரு மழைக்கு நிக்காது. பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடலேன்னா நான் உன்கிட்டக் கேக்குறேன்," என்றாள்.

மேனேஜர் அப்போதே எழுந்துவிட்டார். "என் கட்டை இந்த மண்ணுலதான் சாயும். வேலை முடிஞ்ச மறுநாள் வந்துருவேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன்னா, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல," என்றார். சொன்ன சொல்லை மாற்றியவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய தாத்தா ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரோடு இனி ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டுக் கூரையில் தீப்பிடித்தபோது அதை முதலில் பார்த்தவரும் அவரே. தம் வீட்டு நாயைக் கூப்பிட்டு, "டேய், அங்க கூரை எரியுது பாருடா," என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாரே தவிர, பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரையும் பிழைத்தது, சொல்லும் பிழைத்தது. அப்படிப்பட்ட வம்சம்.

வந்தார். வீடு கட்டினார். ஒரு மழை போயிற்று, இரண்டாவது மழையும் போயிற்று. கால் சேற்றைத் தாங்கியது. தாங்காமல் போனது வேறு ஏதோ.

முதலில் அந்த அமைதி. ஊரில் எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், இங்க பாருங்க, சத்தமே இல்லை என்று. ரயில் பெட்டிகள் மோதும் சத்தத்திலும் விடிகாலை வந்திறங்குகிறவன் அடிக்கும் மணியிலும் தூங்கிப் பழகியவருக்கு, சத்தமில்லாத இடம் என்பது இனி இங்கே யாரும் வரப்போவதில்லை என்று எழுதித் தொங்கவிட்ட இடமாகப் பட்டது. அடுத்தது இருட்டு. ஏழு மணிக்கு ஊருக்கே ஷட்டரை இறக்கியது போல விழும். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்கள். பார்த்தார். மறுநாளும் அது பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் பச்சை. ஒரு கடை மூடி இன்னொரு கடை திறப்பது, ஒரு போஸ்டரின் மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டுவது, நேற்று இருந்த ஆள் இன்று இல்லாமல் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பது, இது எதுவுமே வயலில் நடக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது விசாரணை. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் எதிர்ப்படுகிற அத்தனை பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், அதை நினைவிலும் வைத்துக்கொண்டார்கள். லாட்ஜில் அவரும் ஆயிரம் பேரிடம் எந்த ஊர் என்று கேட்டவர்தான். ஆனால் அது அவர்கள் சொல்லும் ஊரை உடனே மறந்துவிடுவதற்காகக் கேட்பது. அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இங்கே அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், கிணற்றடியில் எத்தனை முறை இருமினார் என்பதெல்லாம் தம்பி வீட்டுத் தொழுவம் வரை போய்ச் சேர்ந்துவிடும். அவர் பார்க்கும் முகங்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் அவர் ஒருவர்தான். தம்மையே ஒருவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

இதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. ஒரே மகள் கடல் கடந்து இருந்தாள். அவளிடம் தொலைபேசியில் இங்கே காற்று சுத்தம் என்று சொல்வார். நகரத்தில் கால் வைக்க ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று எதுவும் வாய்க்கவில்லை. மனைவி எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இரண்டு நாளில் வேர்விடுகிற ஜாதி. வர மாட்டேன் என்று அழுதவள் அவள்தான், இப்போது கோழிகளுக்குப் பெயர் வைத்து அழைப்பவளும் அவள்தான்.

அப்போதுதான் ஒரு பல் வலித்தது. அது நிஜமான வலி. சந்தை கூடும் ஊரில் பல் டாக்டர் ஒருவர் இருந்தாலும், தம் வாயைப் பழைய இடத்தில்தான் காட்டுவேன் என்று மேனேஜர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நோய்க்காகப் போவது திரும்பிப் பார்ப்பதில் சேராது என்று பஸ்ஸில் போகும்போதே தமக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டார். லாட்ஜிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நாற்சந்தியைப் பார்த்த ஒரு முதல் மாடியில் அந்த டாக்டரின் அறை. சின்ன வயதுப் பெண், கை சுத்தம், பேச்சு அதைவிடச் சுத்தம். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அன்று அந்த ஜன்னலருகே உட்கார்ந்தவர், தம்மைக் கூப்பிட்டபோது பக்கத்திலிருந்த அம்மாளைப் பார்த்து, நீங்க முன்னால போங்க, எனக்கு அவசரமில்லை என்றார். அதற்கு அடுத்தவரையும் அனுப்பினார். கீழே விளக்கு சிவப்பாகும், நிற்கும், பச்சையாகும், புறப்படும். ஒருவன் கண்ணாடிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்களுக்கு நடுவே நடந்துபோனான். யாரும் அவனை எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கவில்லை.

அடுத்து ஒரு பல்லில் சின்ன ஓட்டை. அடைத்துவிட்டால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றாள் டாக்டர். எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பிடிமானம் வைத்துப் பல் கட்டினால் நாலைந்து தடவை அலைய வேண்டும், வீண் சிரமம், நல்ல பல்லும் போய்விடும் என்று எச்சரித்தாள். அவர் யோசிக்கவே இல்லை. எடுத்துவிடுங்கள் என்றார். எத்தனை தடவை வர வேண்டும் என்று சொன்னால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், நீங்கள் என்ன சிரிக்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தார்.

அந்த நாலைந்து தடவையும் தீர்ந்து போயிற்று. கடைசியாகப் போனபோது டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருக்கிறது, ஒன்றுகூட ஆடவில்லை, இன்னும் இருபது வருடம் வரும், இனி அடுத்த வருடம் வந்தால் போதும் என்றாள். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். மேனேஜருக்கு அன்று மாடிப்படி இறங்கும்போது, வேலையிலிருந்து நீக்கப்பட்டவனைப் போலக் கால் கூசியது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். நேற்று சாயங்காலம் பல் வலித்துவிட்டது.

பஸ் நிற்கும் மரத்தடிக்கு வந்தபோது அங்கே தம்பி நின்றுகொண்டிருந்தான். குளித்து, தலைவாரி, நல்ல உடுப்பு போட்டு, கையில் ஒரு துணிப்பை. இடது கன்னம் ஒரு எலுமிச்சையை ஒளித்துவைத்தது போல வீங்கியிருந்தது. நாலு நாளாக வலியாம். கிராம்பை வைத்துக் கடித்து ஓட்டியிருக்கிறான். ராத்திரி முழுவதும் தூக்கமில்லை, பெண்டாட்டிதான் பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்கிறாள்.

"நேத்து உங்ககிட்டச் சொல்லத்தான் வேலிக்கிட்ட வந்தேண்ணே. பாத்தா நீங்களே வலியில துடிச்சுக்கிட்டு இருக்கீங்க. இதுல என் பாட்டை எங்க பாடுறதுன்னு வந்துட்டேன்."

மேனேஜருக்குக் கைக்குட்டை கன்னத்தில் சுட்டது. இவன் கூட வந்தால் டாக்டர் அறைக்கு வருவான். டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். இவன் கேட்டது இவன் பெண்டாட்டிக்குப் போகும், அவளிடமிருந்து பசுவுக்கு, பசுவிடமிருந்து ஊருக்கு. களத்தில் அத்தனை பேர் நடுவில் சொன்ன சொல், ஒரு கிழவன் பல்லைக் காட்டி நகரம் பார்த்த கதையாக முடிந்துவிடும். சந்தை ஊரிலேயே நல்ல டாக்டர் இருக்கிறாராமே, பக்கம், உனக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று சொல்லிப் பார்த்தார்.

"பக்கத்துலயே ஆள் இருந்தும் நீங்க அவ்வளவு தூரம் போறீங்கன்னா, அந்த டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கணும்?" என்றான் தம்பி.

தாம் போட்ட முடிச்சு தம் கழுத்துக்கே வந்ததை உணர்ந்து மேனேஜர் பஸ் ஏறினார்.

ஜன்னலோரத்தைத் தம்பி அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தான். குலுங்கும்போதெல்லாம் அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பதும், பிறகு மெல்ல விடுவதும் கேட்டது. உண்மையான வலிக்கு அதிகம் சத்தம் இல்லை என்பதை மேனேஜர் கவனித்தார். தாம் நேற்று முனகியது கொஞ்சம் அதிகம்தான். வயல்கள் முடிந்து செங்கல் அடுக்கிய காலி மனைகள் வந்தன. பிறகு மரக்கடைகள், பிறகு லாரிகள் வரிசையாக நிற்கும் பழுது பார்க்கும் கடைகள். டீசல் வாடை வந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. தம்பி அதே வேகத்தில் இருக்கைக்குள் சுருங்கிக்கொண்டிருந்தான். எட்டு ஆள் செய்யும் வேலையைத் தனியாகச் செய்கிறவன், அறுவடை நாளில் ஊரே அவன் குரலுக்குக் கட்டுப்படும். பஸ் நிலையத்தில் இறங்கியதும் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தொலைந்துபோன பெட்டி மாதிரி நின்றான்.

வழக்கமாக மேனேஜர் லாட்ஜ் இருக்கும் தெரு வழியாகத்தான் போவார். இன்று அங்கே யாராவது என்ன சார் இரண்டு மாதமாகக் காணோம் என்று குரல் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போனார். எந்த வழியாகப் போனாலும் நாற்சந்தியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

தம்பி ஓரத்துக் கல்லில் நின்று பார்த்தான். ஒரு காலை வைத்தான், எடுத்தான். ஒரு இடைவெளி வந்தது, அதற்குள் மூடிக்கொண்டது. மேனேஜர் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"ஓடாத. ஓடினா ஓட்டுறவனுக்குப் பயம் வந்துரும், பயந்தவன்தான் மோதுவான். வண்டியப் பாக்காத, ஓட்டுறவன் கண்ணப் பாரு. அந்த பஸ் கிளம்பட்டும், அத ஒரு சுவர் மாதிரி வச்சுக்குவோம். இப்ப நட. நீ பாட்டுக்கு நட."

இறங்கினார்கள். ஒரு கையை லேசாகத் தூக்கி, நெற்றியைச் சற்றே சாய்த்து, கெஞ்சலும் இல்லாத மிரட்டலும் இல்லாத ஒரு முகத்தோடு மேனேஜர் நடந்தார். ஒரு கார் நின்றது. ஒரு ஸ்கூட்டர் வளைந்து வழிவிட்டது. நடுவில் ஒரு கணம் இரண்டு பஸ்களுக்கு இடையே நின்றபோது தம்பி அவரோடு ஒட்டிக்கொண்டான். சின்ன வயதில் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இதே முழங்கையைப் பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு இதைத் தொட்டதாக அவருக்கு நினைவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் தம்பி பெருமூச்சு விட்டுவிட்டு அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அவன் பார்வை வலது கன்னத்தில் ஒரு கணம் நின்று, விலகியது. அப்போதுதான் மேனேஜருக்குக் கைக்குட்டை சட்டைப் பையில் இருப்பது உறைத்தது. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் கூப்பிட்டதும், நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். தம்பி நாற்காலியைவிட்டு எழவில்லை. நீங்களும் வாங்கண்ணே என்று குழந்தை போல அவர் சட்டைக் கையைப் பிடித்தான். போனார்.

தம்பியைச் சாய்த்து உட்காரவைத்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கவைத்து, உள்ளே எதையோ விட்ட பிறகுதான் டாக்டர் திரும்பிப் பார்த்தாள்.

"அட, நீங்களா சார்? அடுத்த வருஷம் வந்தாப் போதும்னு சொன்னேனே. ஆடாத பல்ல ஆட்டி ஆட்டிப் பாக்குறீங்களா?" என்று சிரித்தாள். பிறகு தம்பியிடம், "உங்க அண்ணனா? ரொம்பப் பிடிவாதம். ஒரு நல்ல பல்ல அடைச்சே காப்பாத்தியிருக்கலாம், எடுத்தே தீரணும்னுட்டார். வர்றவங்க எல்லாம் எப்படா வெளிய போவோம்னு இருப்பாங்க, இவர் ஒருத்தர்தான் ஜன்னல்கிட்ட ஒக்காந்துகிட்டு எல்லாரையும் முன்னால அனுப்புவார்," என்றாள்.

தம்பியால் பேச முடியாது. வாய் திறந்தபடி இருந்தது, நாக்கின் மேல் ஒரு கருவி அழுத்திக்கொண்டிருந்தது. கண் மட்டும் மெல்ல மேலே திரும்பி, தலைமாட்டில் நின்ற அண்ணனைப் பார்த்தது. தலைகீழாகத் தெரியும் முகத்தில் கண்கள் என்ன சொல்கின்றன என்று கண்டுபிடிப்பது கடினம். இன்று எனக்கில்லை, இவனுக்காகத்தான் வந்தேன் என்று மேனேஜர் சொன்னார். அவர் குரல் லாட்ஜில் கணக்குக் கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் குரலாக இருந்தது. முதுகு வளையவில்லை. காதுமடல் மட்டும் எரிந்தது.

பல் வந்துவிட்டது. இந்த ஒன்றுதான், வேரோடு சுத்தமாக வந்துவிட்டது, மற்றதெல்லாம் திடமாக இருக்கிறது, மாத்திரை மட்டும் போடுங்கள், இனி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னாள். உங்கள் குடும்பத்துப் பல்லே கல்லுதான் போலிருக்கிறது என்றும் சொன்னாள். பஞ்சைக் கடித்துக்கொண்டே இருங்கள், ரத்தம் நிற்கும்வரை பேசக் கூடாது.

ஆக, குடும்பத்தின் மானம் இப்போது தம்பியின் வாயில், பஞ்சுக்கு அடியில் இருந்தது. மேனேஜர் கூடத்துக்கு வந்து ஜன்னலருகே நின்றார். கீழே விளக்கு சிவப்பாயிற்று, பச்சையாயிற்று. முதல்தடவையாக அவர் கண்ணில் அது ஒன்றும் ஏறவில்லை. தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா என்று நினைத்தார். எனக்கு நம்ம ஊர் பிடிக்கவில்லையடா, பிடிக்கவே இல்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் பஞ்சும் இல்லை. ஆனால் வம்சத்தில் இல்லாத ஒன்றைச் செய்ய நாக்கு எழவில்லை.

வெளியே வந்ததும் தம்பி பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பாமல், கையை நீட்டி எதிர்த்திசையைக் காட்டினான். உயரத்தில் லாட்ஜின் பெயர்ப்பலகை தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று சைகை செய்தான். ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்பதால் மேனேஜர் கூட்டிக்கொண்டு போனார்.

மேசைக்குப் பின்னாலிருந்தவர் எழுந்து நின்று வணங்கினார். தம்பி சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டான். புதுச் சாவிப்பலகையை வெகுநேரம் பார்த்தான். கொக்கிகளில் சாவிகள் வருவதும் போவதுமாக இருந்தன. பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் உள்ளே வந்தது, குழந்தை அழுதது, மேசைக்காரர் தொலைபேசியில் இருந்தார். அந்த அம்மாள் சூடாகப் பால் எங்கே கிடைக்கும் என்று காற்றிடம் கேட்டாள். "பின் வாசல் வழியாப் போங்கம்மா, மூணாவது கடை. நம்ம லாட்ஜுன்னு சொல்லுங்க, தண்ணி கலக்க மாட்டான்," என்று மேனேஜர் சொன்னார். சொன்ன பிறகுதான் அது தம் வேலையில்லை என்று நினைவு வந்தது. அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். தம்பி இப்போது சாவிப்பலகையைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதிவழி கடந்த பிறகு தம்பி பஞ்சை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தான். மேனேஜர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கேட்கப்போகிறான். கேட்டால் என்ன சொல்வது என்பதை இரண்டு விதமாக யோசித்துவைத்திருந்தார், இரண்டுமே பொய்.

"நீங்க அந்த ரோட்டத் தாண்டினத பாத்தேண்ணே," என்றான் தம்பி, வார்த்தைகள் வீக்கத்தில் இடறின. "அப்பா மடை திறந்து தண்ணி திருப்புவாரே, ஒரு சத்தம் போட மாட்டாரு, தண்ணி அவரு சொல்ற பக்கம் போகும். அந்த மாதிரி இருந்தது."

அவ்வளவுதான். மேற்கொண்டு வரும் என்று மேனேஜர் காத்திருந்தார். வரவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். வெளியே செங்கல் மனைகள் முடிந்து பச்சை ஆரம்பித்தது.

மரத்தடியில் இறங்கியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுவைக் கயிற்றில் பிடித்தபடி தம்பி மனைவி நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி மேனேஜரின் மனைவி, கையில் கோழி முட்டைக் கூடை. தம்பி மனைவி புருஷனிடம், எடுத்தாச்சா, ஒரே தடவையில் வேலை முடிந்ததா என்று கேட்டாள். பதில் வருவதற்குள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "பெரியவருக்கு இன்னும் எத்தனை பல்லு பாக்கி இருக்குதாம்? கேட்டுச் சொல்லுடி," என்றாள். பசு தலையை ஆட்டியது.

மேனேஜரின் கால் ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. தம்பி ஒருமுறை அவர் பக்கம் பார்த்தான்.

"எங்க முடிஞ்சுது? பல்லு வந்துருச்சு, வேர் உள்ளயே நிக்குதாம்," என்றான் உரக்க. "மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க. எத்தனை மாசம்னு அவங்களுக்கே தெரியலையாம். அந்த ரோட்ட நான் தனியாத் தாண்டுனா பொணமாத்தான் வருவேன். அண்ணன்தான் கூட வரணும். வருவாரோ மாட்டாரோ, அவருக்குத்தான் அந்த ஊரே ஆகாதே."

சொல்லிவிட்டு வலியைக் காட்டும் பொருட்டுக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டான். இடது கையில் துணிப்பை இருந்தது. காலியாக இருந்த வலது கை, வலது கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

அவன் பெண்டாட்டி பசுவின் கயிற்றை மறுகைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மேனேஜரின் மனைவி மட்டும் பார்த்துவிட்டாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சிரிப்பில்லாத முகத்தோடு வானத்தைப் பார்த்தாள். மூன்று பேரும் அவருடைய வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காக நின்றார்கள். களத்தில் நின்ற அதே மாதிரி. வேண்டாம், உன் பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியும். வர மாட்டேன் என்றும் சொல்ல முடியும், அதுதான் பழைய சொல்லுக்கு அழகு. நாக்கு தானாக, டாக்டர் கட்டிவிட்ட அந்த வழவழப்பான பல்லைத் தேடிப் போய்த் தொட்டது.

அவர் தம்பியின் அருகே வந்து முழங்கையைப் பிடித்தார்.

"கைய மாத்து," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

தம்பி பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டான். ரோடு இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு சைக்கிள்கூட இல்லை. மேனேஜர் ஓரத்தில் நின்று, தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார். மறுபடியும் வலது பக்கம். எதுவும் வரவில்லை. பசு கழுத்து மணியை ஒருமுறை அசைத்தது. அவர் ஒரு கையை லேசாகத் தூக்கினார், நெற்றியைச் சற்றே சாய்த்தார், தம்பியின் முழங்கையை இறுக்கிக்கொண்டு, இடைவெளி கிடைப்பதற்காகக் காத்திருந்தார்.